மலையேறும் நீராவிப் புகையிரதம்: ஃபுர்கா கணவாயில் ஒரு நாள்

சுவிற்சர்லாந்தில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் எமது குடும்பங்களிற் பல, இந்நாட்டின் மலைகளை நாட்காட்டிப் படங்களிலேயே அதிகம் கண்டிருக்கின்றன. பெற்றோரில் ஒருவர் உணவகச் சமையலறையில், மற்றவர் துப்புரவுப் பணியிலோ முதியோர் இல்லத்திலோ. வார இறுதி வந்தால் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடசாலை, நடன வகுப்பு, கோயில், உறவினர் வீட்டுப் பிறந்தநாள். கோடை விடுமுறையிலோ லண்டனுக்கும் பாரிசுக்கும் செல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு எல்லை கடப்பதற்குரிய பத்திரம் கைவசம் இல்லாதோர் வீட்டிலேயே தங்கிவிடுவர்.

ஆயின், கடவுச்சீட்டு எதுவுமின்றி, ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய பயணமொன்று இந்நாட்டின் நடுவிலேயே இருக்கிறது. ஊரி மாநிலத்தின் றெயால்ப் என்னும் சிற்றூரிலிருந்து, ஃபுர்கா மலையைக் கடந்து, வலே மாநிலத்தின் ஒபர்வால்ட் வரை ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரம், நூறாண்டைக் கடந்த நீராவி இயந்திரங்கள் இன்றும் கரி தின்று, நீர் குடித்து, பெட்டிகளை இழுத்துச் செல்கின்றன. கடந்த கோடையில் நான்கு குடும்பங்களைச் சேர்ந்த பதினேழு பேருடன் நாமும் அப்பயணத்தில் இணைந்துகொண்டோம். எண்பத்து நான்கு வயதுப் பெரியவர் முதல் ஆறு வயதுச் சிறுமி வரை அக்குழுவில் இருந்தனர். காட்சியின்பம் மட்டுமே கருதிச் சென்ற எமக்கு, அந்தப் பாதையின் வரலாறு வேறு பல எண்ணங்களையும் தந்தது. அவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையதெனக் கருதுகின்றோம்.

மூன்று முறை தோன்றும் தேவாலயம்

சூரிச்சிலிருந்து அதிகாலையில் புறப்பட்டோம். கோத்தார்ட் மலையின் அடியில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கப்பாதை வழியாகவே இப்போது விரைவு வண்டிகள் தெற்கு நோக்கி ஓடுகின்றன. நாம் தெரிந்துகொண்டதோ பழைய மலைப்பாதை. கோஷனன் வரை செல்லும் அப்பாதையில் வாசன் என்னும் கிராமத்துத் தேவாலயம் ஒன்றுண்டு. மலைக்குள் சுழன்று சுழன்று ஏறும் சுரங்கங்களினால் அத்தேவாலயம் பயணியின் கண்ணுக்கு மூன்று முறை தென்படுகிறது: முதலில் மேலே, பின்னர் நேராக, முடிவில் கீழே. "அதே கோயில் திரும்பவும் வருகுது" என்று பிள்ளைகள் ஆரவாரித்தனர். பெரியவர்களோ தெமோதரையை நினைவுகூர்ந்தனர். பதுளைப் பாதையில், தெமோதரை நிலையத்திலிருந்து புறப்படும் புகையிரதம் குன்றைச் சுற்றி இறங்கி அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகச் செல்வதை எம்மிற் சிலர் நேரிற் கண்டிருக்கின்றனர். மலையை வெல்லும் உபாயம் எங்கும் ஒன்றுதான்.

கோஷனனில் இறங்கிச் சிறிய மலைப் புகையிரதத்தில் ஏறினோம். சொல்லனன் என்னும் குறுகிய பள்ளத்தாக்கினூடாக, புகழ்பெற்ற சாத்தான் பாலத்தின் அருகே அது ஏறி அந்தர்மாட் நகரை அடைகிறது. அங்கிருந்து றெயால்ப்புக்குச் சிறிது நேரப் பயணமே. நீராவிப் புகையிரதத்தின் நிலையம் தனியாக, சற்றுத் தள்ளி இருக்கிறது. பொதிகளைச் சுமந்துகொண்டு சில நிமிடங்கள் நடந்தோம். நிலையத்தைக் காணுமுன்னரே கரிப்புகையின் மணம் எம்மை எதிர்கொண்டது. அம்மணத்தை இங்கு பிறந்த பிள்ளைகள் அறியார். மூக்கைப் பொத்தினர். எம்முடன் வந்த பெரியவரோ நின்று, ஆழமாக மூச்செடுத்தார். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

கைவிடப்பட்ட பாதை

இப்பாதையின் வேலைகள் 1911ஆம் ஆண்டு தொடங்கின. றோண் நதியின் பள்ளத்தாக்கிலுள்ள பிரீக் நகரையும், கிழக்கே டிசென்ரிஸ் நகரையும் இணைப்பதே நோக்கம். பாறைகளை உடைத்துச் சுரங்கம் தோண்டியவர்களிற் பெரும்பாலானோர் இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1914இல் பிரீக்கிலிருந்து கிளெட்ச் வரை வண்டி ஓடியது. அவ்வாண்டே முதலாம் உலகப்போர் மூண்டது, தொழிலாளர் தத்தம் நாடுகளுக்குத் திரும்பினர், வேலை நின்றது. 1923இல் கம்பனி முறிவடைந்தது. புதிய கம்பனி ஒன்று அமைந்து, மிகுதி வேலைகள் நிறைவேறி, 1926ஆம் ஆண்டிலேயே முழுப்பாதையும் திறக்கப்பட்டது. 1930 முதல் செர்மாட்டிலிருந்து சென் மோறிட்ஸ் வரை செல்லும் புகழ்பெற்ற 'கிளேசியர் எக்ஸ்பிரஸ்' வண்டியும் இவ்வழியே ஓடிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 அளவில், பாதை மின்மயமாக்கப்பட்டது.

எனினும் ஃபுர்காவின் பனிக்காலம் கொடியது. பனிச்சரிவுகளுக்கு அஞ்சி, ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மலையுச்சிப் பகுதியை மூடிவிட வேண்டியிருந்தது. ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய வழி வேண்டுமென்று, மலையின் அடியில் 15.4 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் தோண்டப்பட்டது. 1981 அக்டோபரில் மலைப்பாதையில் இறுதி வண்டி ஓடியது. 1982 யூன் மாதம் புதிய சுரங்கம் திறக்கப்பட்டது. பழைய பாதைக்கு இனி வேலையில்லை. தண்டவாளங்களைக் கழற்றிவிடலாம் என்ற நிலை தோன்றியது.

அப்போதுதான் பொதுமக்களிற் சிலர் முன்வந்தனர். 1983இல் சங்கம் ஒன்றை அமைத்தனர். இரண்டு ஆண்டுகளின் பின்னர் ஒரு கம்பனியையும் பதிவுசெய்தனர். விடுமுறை நாட்களில், தங்கள் செலவில், மண்வெட்டியும் அலவாங்கும் ஏந்தி மலையேறினர். சரிந்த சுவர்களைக் கட்டினர். அடைபட்ட நீர்வடிகால்களைத் துப்புரவாக்கினர். உக்கிய சிலிப்பர்களை மாற்றினர். 1992இல் றெயால்ப்பிலிருந்து ரீபன்பாக் வரை முதல் வண்டி ஓடியது. 1993இல் ஃபுர்கா உச்சி, 2000இல் கிளெட்ச், 2010இல் ஒபர்வால்ட். பதினெட்டு கிலோமீற்றரை மீட்பதற்குச் சங்கம் அமைத்த நாளிலிருந்து இருபத்தேழு ஆண்டுகள் சென்றன. இன்றும் சாரதி, கரி போடுபவர், பயணச்சீட்டுப் பார்ப்பவர், தேநீர் விற்பவர் எனப் பெரும்பாலானோர் ஊதியம் பெறாத தொண்டர்களே. சுவிற்சர்லாந்திலிருந்து மட்டுமன்றி, ஜேர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் வந்து அவர்கள் பணியாற்றுகின்றனர்.

பற்சில்லின் பலம்

சாதாரணப் புகையிரதம் ஒன்று செங்குத்தான மலையில் ஏற முற்பட்டால், இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு வழுக்கிச் சுழலும். எனவே இப்பாதையின் செங்குத்தான பகுதிகளில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் பொருத்தப்பட்டுள்ளன. இயந்திரத்தின் அடியிலுள்ள பற்சில்லு அச்சட்டத்தைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. றோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியியலாளர் வகுத்த முறை இது. ஒன்றுக்குப் பதிலாக இரு சட்டங்களை அருகருகே வைத்து, ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக அமையும்படி அவர் செய்தார். ஆகவே எக்கணத்திலும் ஏதேனும் ஒரு பல் பிடியிலேயே இருக்கும். மிகச் செங்குத்தான இடத்தில் ஆயிரம் மீற்றருக்கு 118 மீற்றர் உயர்வு. அதாவது எட்டரை அடி முன்னே செல்வதற்குள் ஓர் அடி மேலே ஏறவேண்டும்.

இயந்திரத்தில் இரண்டு சோடி உருளைகள் உள்ளன. ஒரு சோடி சாதாரணச் சில்லுகளைச் சுழற்றும்; மற்றச் சோடி பற்சில்லைச் சுழற்றும். சமதரையில் முதற் சோடி மட்டும் உழைக்கும். ஏற்றம் வந்ததும் இரண்டும் சேர்ந்து உழைக்கும். இரண்டும் சேரும் அத்தருணத்தைப் பெட்டிக்குள் இருந்தே உணரலாம். வண்டியின் வேகம் தணிகிறது. அடியிலிருந்து ஒரு நடுக்கம் எழுகிறது. இயந்திரத்தின் மூச்சு இரட்டிப்பாகிறது.

இதே ஆப்ட் முறையில் தமிழ் நிலத்திலும் ஒரு புகையிரதம் ஓடுகின்றது என்பதை இளையோர் அறிந்திருத்தல் நன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் 46 கிலோமீற்றர் நீளமான நீலகிரி மலைப்பாதையே அது. 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் அது திறக்கப்பட்டது. அங்கே ஏற்றம் ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி. 2005இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதற்கென உருவான புகழ்பெற்ற நீராவி இயந்திரங்களும், ஃபுர்காவின் இயந்திரங்களும் ஒரே தொழிற்சாலையிற் பிறந்தவை. எம்மவர் பலர் குடியிருக்கும் வின்ரர்தூர் நகரின் தொழிற்சாலைதான் அது. எமது குழுவில் வின்ரர்தூரில் வசிக்கும் குடும்பமொன்றும் இருந்தது. அக்குடும்பத்துப் பதினான்கு வயது மகன் இதனைக் கேட்டபின், நெடுநேரம் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பனிக்காலத்தில் மடிந்துகொள்ளும் பாலம்

1,538 மீற்றர் உயரத்திலுள்ள றெயால்ப்பிலிருந்து புறப்பட்ட வண்டி, றோய்ஸ் ஆற்றின் கரையோரமாக, சிறு சுரங்கங்களைக் கடந்து ஏறலாயிற்று. கீழே வெண்ணுரையுடன் ஆறு. மேலே ஆடுகள் மேயும் புற்சரிவு. அதற்கும் மேலே யூலை மாதத்திலும் உருகாத பனித்திட்டுகள். கொண்டுவந்த பொதிகள் அவிழ்ந்தன. கட்லற், றோல்ஸ், புளிச்சாதம், சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சி போட்ட தேநீர். எதிரே அமர்ந்திருந்த வயோதிபத் தம்பதியர் முதலிற் புன்னகைத்தனர். பின்னர் கட்லற் ஒன்றை ஏற்றுக்கொண்டனர். அதன் பின்னர் இரண்டாவதையும் கேட்டு வாங்கினர்.

பாதையில் ஸ்ரெபன்பாக் என்னும் ஓடையின் மீது ஒரு பாலம் உண்டு. பார்வைக்குச் சாதாரண இரும்புப் பாலம். ஆயின் உலகில் இதுபோன்றது மிக அரிது. முன்னர் அங்கு கட்டப்பட்டிருந்த பாலத்தைப் பனிச்சரிவு அடித்துச் சென்றது. மீண்டும் உறுதியான பாலம் கட்டினாலும் பனி அதனை விட்டுவைக்காது என்பதை உணர்ந்த பொறியியலாளர், 1925இல் மடிக்கக்கூடிய பாலமொன்றை அமைத்தனர். மூன்று துண்டுகளாலான அப்பாலம் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மடிக்கப்பட்டு, இரு கரைகளுக்கும் இழுத்து ஒதுக்கப்படுகிறது. பனிச்சரிவு வரும்போது அங்கே தகர்ப்பதற்கு எதுவும் இராது. இளவேனிலில் தொண்டர்கள் மீண்டும் ஏறிச்சென்று அதனை விரித்துப் பூட்டுகின்றனர். நூறாண்டுகளாக இது நடைபெறுகிறது.

எதிர்த்து நிற்க இயலாத இடத்தில் ஒதுங்கி நின்று, காலம் கனிந்ததும் மீண்டும் இணைவது தோல்வியாகாது என்பதை அந்த இரும்புப் பாலத்தைப் பார்த்தபோது நாம் எண்ணிக்கொண்டோம். அருகிலிருந்த தாய் ஒருவரும் அதையே நினைத்தார் போலும். "எங்கடை சனமும் இப்பிடித்தானே" என்று மெல்லக் கூறினார். எவரும் மறுமொழி கூறவில்லை.

கரி படிந்த கை

ரீபன்பாக் நிலையத்தைக் கடந்து மேலும் ஏறி, 2,160 மீற்றர் உயரத்திலுள்ள ஃபுர்கா நிலையத்தை அடைந்தோம். இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த நிலையமான பட்டிப்பொல 1,898 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதனையும் விஞ்சிய உயரம் இது. காற்று ஊசிபோற் குத்தியது. கம்பளி மேலங்கி கொண்டுவராத இளைஞர்கள் தந்தையரின் மேலங்கிக்குள் ஒதுங்கினர். இயந்திரம் இங்கு சிறிது நேரம் தரித்து நிற்பதால் பயணிகள் இறங்கி உலாவலாம்.

மேலே குறிப்பிட்ட பெரியவர் நேராக இயந்திரத்தை நோக்கி நடந்தார். அவர் அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கைப் புகையிரதப் பகுதியிற் சேர்ந்து, வடக்குப் பாதையில் ஓடிய சரக்கு வண்டிகளில் கரி போடுபவராகப் பணியாற்றியவர். பின்னர் சாரதியாக உயர்ந்தவர். இந்நாட்டுக்கு வந்த பின்னர் அவரை அவ்வாறு எவரும் அறிந்ததில்லை. அகதி விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் எழுதியதோடு அது முடிந்துபோயிற்று. தமது பேர்த்தியை அருகழைத்து, "பிள்ளை, அந்த மனுசனிட்டைக் கேள். தண்ணி மட்டம் பாக்கிற கண்ணாடி எந்தப் பக்கம் இருக்கெண்டு கேள்" என்றார். இங்கு பிறந்த அப்பெண்பிள்ளை சுவிஸ் ஜேர்மன் மொழியில் அக்கேள்வியைச் சாரதியிடம் கேட்டாள். முகமெல்லாம் கரி படிந்திருந்த அத்தொண்டர் வியப்புடன் பெரியவரை நோக்கினார். அத்தகைய கேள்வியைப் பயணிகள் கேட்பதில்லை.

அடுத்த பத்து நிமிடங்களும் பேர்த்திக்கு ஓய்வில்லை. நெருப்புப் பெட்டியின் எந்தப் பகுதியில் முதலிற் கரி போடவேண்டும். ஏற்றத்தில் நீர்மட்டம் பின்புறம் சாய்வதால் கொதிகலனுக்குள் என்ன நேரும். ஈரக்கரி வந்தால் என் செய்வது. ஒருவர் யாழ்ப்பாணத் தமிழில், மற்றவர் மலைநாட்டு ஜேர்மனில். பல சொற்களுக்கு அப்பிள்ளைக்கு இரு மொழிகளிலும் பொருள் தெரியவில்லை; பெரியவர் கையால் விளக்கினார்; சாரதி தலையசைத்தார். முடிவில் சாரதி கை நீட்டி அவரை இயந்திரத்தின் படியில் ஏற்றினார். பெரியவர் நெருப்புப் பெட்டியின் முன் ஒரு கணம் நின்றார். மண்வெட்டிபோன்ற அந்தக் கரி அள்ளியின் பிடியைத் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்தபோது வலக்கை கறுத்திருந்தது. பேர்த்தி துடைப்பதற்குக் கடதாசி கொடுத்தாள், அவர் வாங்கவில்லை.

"நான் வேலை செய்த பாதையைக் கழட்டிப்போட்டினம். தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்க் கட்டையும் இல்லை எண்டு கேள்விப்பட்டன். இப்ப திரும்பப் போட்டாச்சாம். நான்தான் இன்னும் பாக்கேல்லை" என்று பெட்டிக்குத் திரும்பிய பின்னர் எம்மிடம் கூறினார். 1905இல் காங்கேசன்துறை வரை முழுமைபெற்ற அந்த வடக்குப் பாதையில் 1956 முதல் யாழ்தேவி ஓடியதும், 1990இல் யுத்தத்தினால் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றதும், தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுக் காப்பரண்களுக்குப் பயன்பட்டதும் எமது முதிய வாசகர்கள் அறிந்தவையே. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது.

தன் தாத்தா புகையிரதம் ஓட்டியவர் என்பது அப்பேர்த்திக்கு முன்பே தெரியும். ஆயின் அது ஒரு பழங்கதையாகவே இருந்ததாம். அந்நிய நாட்டுச் சாரதி ஒருவர் தாத்தாவை மரியாதையுடன் கைதூக்கி ஏற்றியதைக் கண்டபோதுதான் அது உண்மையெனத் தோன்றியதாக அவள் எம்மிடம் கூறினாள். எமது இல்லங்களில், மூலையில் ஒரு கதிரையில் அமர்ந்திருக்கும் முதியோர் ஒவ்வொருவரிடமும் இவ்வாறு ஒரு தொழில், ஒரு திறன், ஒரு வாழ்க்கை மறைந்து கிடக்கின்றது. கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

வியட்நாம் சென்று மீண்ட இயந்திரங்கள்

ஃபுர்காவில் ஓடும் இயந்திரங்களுக்கும் ஒரு புலப்பெயர்வு வரலாறு உண்டு. 1913, 1914ஆம் ஆண்டுகளில் இப்பாதைக்கெனப் பத்து இயந்திரங்கள் வின்ரர்தூரில் செய்யப்பட்டன. பாதை மின்மயமானதும் அவை மிகையாயின. 1947இல் நான்கு இயந்திரங்கள் அக்காலப் பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு விற்கப்பட்டன. இன்றைய வியட்நாமில், கரையோரத் தாப் சாம் என்னுமிடத்திலிருந்து மலைநகரான டாலாற்றுக்குச் செல்லும் 84 கிலோமீற்றர் நீளமான பற்சட்டப் பாதையில் அவை ஓடின. 1932இல் முழுமைபெற்ற அப்பாதையும் ஆப்ட் முறையிலானதே.

வியட்நாம் யுத்தம் அப்பாதையை விட்டுவைக்கவில்லை. தாக்குதல்களினால் சேவை நின்றது. யுத்தம் முடிந்த பின்னர் அதன் தண்டவாளங்கள் கழற்றப்பட்டு, நாட்டின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பெரும்பாதையைச் சீர்செய்வதற்கு எடுத்துச் செல்லப்பட்டன. இயந்திரங்கள் டாலாற்றிலேயே துருப்பிடித்துக் கிடந்தன. அதே காலத்தில் அந்நாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் படகேறினர். அவர்களிற் சில ஆயிரம் பேருக்குச் சுவிற்சர்லாந்தும் புகலிடம் அளித்தது. எமக்கு முன்னரே இந்நாட்டின் அகதி முகாம்களில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

1990ஆம் ஆண்டு ஃபுர்காத் தொண்டர்கள் வியட்நாம் சென்றனர். சுவிற்சர்லாந்தில் உருவான அப்பழைய இயந்திரங்களை விலைக்கு வாங்கினர். ஒவ்வொன்றும் பல பத்துத் தொன் எடையுடையது. மலையிலிருந்து வீதி வழியே இறக்கித் துறைமுகம் சேர்த்து, கப்பலேற்றி, ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். ஜேர்மனியின் மைனிங்கன் நகரத்துப் பட்டறையில் 1ஆம், 9ஆம் இலக்க இயந்திரங்கள் புதுப்பிக்கப்பட்டன. அவை இன்று இம்மலையின் சிகரங்களது பெயர்களைத் தாங்குகின்றன: ஒன்று ஃபுர்காஹோர்ன், மற்றையது கிளெட்ச்ஹோர்ன். எமது வண்டியை இழுத்ததும் இவ்விரண்டில் ஒன்றே.

பயனற்றதென்று விற்கப்பட்டு, கடல் கடந்து, அந்நிய மண்ணில் உழைத்து, அங்கும் யுத்தத்தினால் கைவிடப்பட்டு, நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின்னர் பிறந்த மண்ணுக்கு மீண்ட இரும்பு அது. எம்முடன் வந்தோரில் இக்கதையைக் கேட்டு நகைத்தவரும் உளர். கண் கலங்கியவரும் உளர். "இஞ்சினுக்கு விசா கிடைச்சிட்டுது" என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். அவரது தமையனின் விண்ணப்பம் முன்னர் நிராகரிக்கப்பட்டதை நாம் அறிவோம்.

இரு கடல்களுக்கு இடையே

ஃபுர்கா நிலையத்தை விட்டதும் வண்டி 1,874 மீற்றர் நீளமான சுரங்கத்தினுள் நுழைகிறது. யன்னல்களை மூடும்படி முன்கூட்டியே அறிவித்தனர். சில நிமிடங்கள் இருளும் புகையும். வெளியே வந்தபோது மாநிலம் மாறியிருந்தது, நதியும் மாறியிருந்தது. மலையின் கிழக்கே பெய்யும் மழை றோய்ஸ் ஆற்றினூடாக ஆரே ஆற்றிலும், அதன் வழியே றைன் நதியிலும் கலந்து வட கடலைச் சேர்கிறது. மேற்கே பெய்யும் மழையோ றோண் நதியாகி, ஜெனீவா ஏரியைக் கடந்து, பிரான்சின் வழியே மத்தியதரைக் கடலை அடைகிறது. ஒரே முகில் பொழிந்த இரு துளிகள் இரு கடல்களுக்குப் பிரிகின்றன. கனடாவில் ஒருவர், ஜேர்மனியில் ஒருவர், வன்னியில் ஒருவர் என வாழும் எமது உடன்பிறப்புகளுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

பாதை இப்போது செங்குத்தாக இறங்கி, 1,759 மீற்றர் உயரத்திலுள்ள கிளெட்ச் நிலையத்தை அடைகிறது. றோண் நதி பிறப்பது இதன் மேலேயுள்ள பனிப்பாறையில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பனிப்பாறை பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, கிளெட்ச்சின் பழைய விடுதிக்கு அண்மை வரை பரந்திருந்தது. அதனைக் காண்பதற்காகவே அவ்விடுதி எழுந்தது. இன்று கிளெட்ச்சில் நிற்பவர் காண்பது வெறும் பாறைச் சுவரையே. பனி மேலே, கண்ணுக்கு எட்டாதபடி பின்வாங்கிவிட்டது. மேலே எஞ்சிய பனியில் குடையப்பட்ட குகையைக் காப்பதற்கு, கோடையில் அதன்மீது வெண்ணிறத் துணிகளைப் போர்த்தி வந்தனர். பாதையை மனிதர் மீட்டனர். பனியை மீட்பது அவ்வளவு எளிதன்று. பிள்ளைகள் பழைய நிழற்படங்களையும் எதிரேயுள்ள பாறையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

கிளெட்ச்சுக்குக் கீழே, மலைக்குள் ஒரு வட்டம் சுழலும் 548 மீற்றர் நீளமான சுரங்கம் உண்டு. அதற்குள் நுழைந்து, வெளியேறி, றோண் நதியைப் பாலத்தின் மீது கடந்து, ஊசியிலைக் காடுகளினூடாக இறங்கி, 1,368 மீற்றரிலுள்ள ஒபர்வால்ட்டை அடைந்தோம். புறப்பட்டு இரண்டு மணித்தியாலங்களுக்கு மேலாகியிருந்தது. அங்கிருந்து வழமையான மின்சாரப் புகையிரதத்தில், மலையடிச் சுரங்கத்தின் வழியே, அரைமணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் றெயால்ப்புக்கு மீண்டோம். சுரங்கத்தில் யன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. பிள்ளைகள் உறங்கிவிட்டனர்.

செல்ல விரும்புவோருக்கு

இவ்வண்டி யூன் மாதப் பிற்பகுதி தொடக்கம் அக்டோபர் தொடக்கம் வரையிலான கோடைக் காலத்தில் மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட நாட்களிலேயே ஓடுகிறது. எனவே நாளையும் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்து, இருக்கைகளைப் பதிவுசெய்துகொள்ளுதல் அவசியம். வழமையான புகையிரதச் சலுகை அட்டைகள் இத்தனியார் பாதையில் எவ்வளவுக்குச் செல்லுபடியாகும் என்பதையும் அப்போதே கேட்டறிக. குடும்பமாகச் செல்வோருக்குச் செலவு சிறிதன்று; முழுப்பாதையும் செல்ல இயலாதோர் ஒரு பகுதி மட்டும் சென்று திரும்பலாம். கோடையாயினும் கம்பளி மேலங்கி, காலுக்கு உறுதியான சப்பாத்து, மழைக்கான உடை ஆகியவற்றை மறவாதீர். வெள்ளை உடை வேண்டாம். கரித்தூள் எவரையும் வேறுபடுத்துவதில்லை. வதிவிட அனுமதி அட்டை எத்தகையதாயினும் உடன் வைத்திருங்கள். எல்லை எதனையும் கடவாத பயணமாதலால், அதற்கு மேல் வேறு பத்திரம் தேவையில்லை.

இயலுமாயின் வீட்டிலுள்ள முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். படிகள் உயரமானவை, கைகொடுத்து ஏற்ற ஒருவர் அருகிருக்க வேண்டும். ஊர்ப் புகையிரதங்களின் கதைகளை அவர்கள் அங்கேதான் சொல்வார்கள். பிள்ளைகள் அவற்றை ஒலிப்பதிவு செய்துகொள்ளட்டும்.

இப்பாதையை மீட்டது அரசன்று, செல்வந்தரும் அல்லர். தச்சர், ஆசிரியர், தபால் ஊழியர், ஓய்வுபெற்றோர் எனச் சாதாரண மக்கள், தங்கள் சனிக்கிழமைகளைக் கொடுத்து மீட்டனர். எமது தமிழ்ப் பாடசாலைகளும் நூலகங்களும் அவ்வாறே, வேலை முடித்து வந்தவர்களின் களைத்த கைகளால் நடத்தப்படுகின்றன. இருபத்தேழு ஆண்டுகள் என்பது நீண்ட காலமே; எனினும் பதினெட்டு கிலோமீற்றரும் மீண்டன. சலிப்புற்றிருக்கும் எமது தொண்டர்கள் ஒருமுறை இப்பாதையிற் சென்று வரவேண்டும் என்பது எமது விருப்பம். அக்டோபர் கடந்தால் ஸ்ரெபன்பாக் பாலத்தை மடித்துவிடுவர். இளவேனிலில் அது மீண்டும் விரியும்வரை காத்திருக்க வேண்டும்.